சேனை வைத்த விரல்

உலகத்தில் உயிர் இரண்டாவது முறையாகப் பிறந்தபோது டாக்டர் உலகம்மாள் கேன்டீனில் உளுந்த வடைக்கு வரிசையில் நின்றுகொண்டிருந்தாள். பக்கத்தில் இருக்க முடியாமல் போனதில் அவளுக்கு இன்றுவரை வருத்தம் உண்டு. ஆனால் முதல் முறை பிறந்தபோது பக்கத்தில் யாருமே இல்லை, வடையும் இல்லை. அதற்கு இது எவ்வளவோ தேவலை.

உயிர் எப்படி வந்தது என்று ஆராயும் அந்த நிலையம் தூத்துக்குடிக்குத் தெற்கே, உப்பளங்கள் முடிகிற இடத்தில் இருந்தது. எதுவும் முளைக்காத மண். உயிரை ஆராய அப்படி ஓர் இடத்தை அரசாங்கம் தேர்ந்தெடுத்ததில் ஆழ்ந்த தத்துவம் இருப்பதாக இயக்குநர் தாணுலிங்கம் வருகிறவர்களிடம் எல்லாம் சொல்வார். அந்த நிலத்தை வேறு எவரும் கேட்கவில்லை என்பதுதான் விஷயம்.

உலகம்மாள் வேதியியல் துறை. உப்பு, களிமண், பாஸ்பரஸ், கொஞ்சம் கரிமப் பொருள்கள் எல்லாவற்றையும் கிருமி நீக்கிய கண்ணாடிக் கலத்தில் போட்டு மூடி, சூடாக்கி, ஆறவைத்து, காயவைத்து, மறுபடி நனைத்து, தானாக ஏதாவது கண் திறக்கிறதா என்று பார்ப்பது அவள் வேலை. பல வருடங்களாக அவளுக்குக் கிடைத்தது கறுப்பாக ஒரு பிசின். "மேடம், இத வச்சு நம்ம கேட்டுலேர்ந்து மெயின் ரோடு வரைக்கும் தார் போட்டுறலாம்லா?" என்று எதிர்ப்படுகிறவர்கள் எல்லாம் கேட்டுப் பழகிவிட்டார்கள். அவளும் சிரித்துப் பழகிவிட்டாள்.

வடை சாப்பிட்டுக் கை கழுவி, உடை மாற்றி, முகமூடி மாட்டி, சுத்த அறைக்குள் வந்து நுண்ணோக்கியில் கண்ணை வைத்தபோது பிசினைக் காணவில்லை. சின்னச் சின்னக் குமிழிகள் இருந்தன. ஒன்று பெருத்து இரண்டாகப் பிரிந்தது. அவை தாயைப் போலவே இருந்தன. அவையும் பெருத்துப் பிரிந்தன. ஒரு குமிழிக்கு மட்டும் பக்கவாட்டில் ஒரு சின்னக் கோணல். அது பெற்றதற்கும் அதே கோணல், அதன் பிள்ளைக்கும் அதே கோணல். உலகம்மாள் நாற்காலியில் உட்கார்ந்து நன்றாக அழுதாள். முகமூடிக்குள் அழுவது அவ்வளவு வசதியான காரியம் இல்லை.

அழுது முடித்து அவள் நேராக எதிர் அறைக்குப் போனாள். உயிரியல் துறைத் தலைவர் எபனேசர்தான் அந்த நிலையத்தில் அவள் நம்புகிற ஒரே ஆள். பரிணாமத்தைக் கரைத்துக் குடித்தவர். பார்வையாளர் நாளில் வருகிற கூட்டத்தில் யாராவது ஒருவர் மடக்கிவிட்ட பெருமிதத்தோடு, "எல்லாம் ஒண்ணுலேர்ந்து ஒண்ணு வந்துச்சுங்கீங்க, சரி, மொத உயிரு எதுலேர்ந்து வந்துச்சு?" என்று கேட்டால் எபனேசர் பதில் சொல்லவே மாட்டார். உலகம்மாளின் கதவைக் கை காட்டிவிட்டு டீ குடிக்கப் போய்விடுவார்.

அவர் வந்து பார்த்தார். தன் கருவிகளைக் கொண்டுவரச் சொல்லி மறுபடி பார்த்தார். ஒரு வாரம் தன் அறைப் பக்கமே போகாமல் அங்கேயே கிடந்தார். பிறகு ஒரு நாள் வெளியே வந்து முகமூடியைக் கழற்றி மடித்து வைத்துக்கொண்டு சொன்னார்.

"மேடம், பரிணாமம் பரிணாமம்னு நான் ஊரெல்லாம் பேசுதேன்லா, அது தொறந்து வச்ச கடை. கடைக்குள்ள நடக்க யாவாரத்தைத்தான் நான் சொல்ல முடியும். கடைய யாரு கட்டினா, எப்பத் தொறந்தாங்கன்னு கேட்டா எனக்குத் தெரியாது. தன்னப் போல இன்னொண்ண உண்டாக்கணும். உண்டாக்கும்போது கொஞ்சம் தப்பு வரணும். அந்தத் தப்பு பிள்ளைக்கும் போகணும். இம்புட்டும் இருந்தா எங்க கடை தொறந்தாச்சு. உங்க கலத்துல தொறந்துட்டுது."

"வெளியிலேர்ந்து ஏதும் கிருமி புகுந்திருக்காதே, சார்?"

"அதத்தான் ஒரு வாரமாப் பாத்தேன். நானு, நீங்க, கேன்டீன் பூனை, உப்பளத்துப் பாசி, எல்லாத்துக்கும் ஒரே பாட்டன். உள்ள இருக்க மரபணு எழுத்து ஒண்ணு. அத வச்சு எவனையும் பங்காளின்னு கண்டுபிடிச்சிரலாம். இதுக்குள்ள அந்த எழுத்தே இல்ல, மேடம். இந்தப் பூமியில நமக்குச் சொந்தமில்லாத ஒரே ஆளு இதுதான்."

"அப்ப விசேஷத்துக்குச் சொந்தக்காரங்களக் கூப்பிடுத செலவு மிச்சம்" என்றாள் உலகம்மாள். சந்தோஷத்தில் அவளுக்கு எது பேசினாலும் சிரிப்பாக வந்தது.

எபனேசர் சிரிக்கவில்லை. "சொந்தக்காரங்க வராமப் பாத்துக்கிடுங்க. நான் அதத்தான் சொல்ல வந்தேன். உயிர் ஒரு தடவ தானா வந்துச்சுல்லா, அப்புறம் ஏன் வரல? இப்பவும் எங்கயாவது சேத்துல, சுடுதண்ணி ஊத்துல வரத்தான் பாக்கும். வந்த நிமிஷமே ஏற்கெனவே இருக்கவன் தின்னுருவான். ரிசர்வேஷன் இல்லாத பெட்டியில மொதல்ல ஏறினவன் கதவ உள்ள பூட்டிட்டு உக்காந்திருக்க மாதிரிதான். இந்தக் கலத்துக்குள்ள நம்ம ஆளு ஒருத்தன், ஒரே ஒரு சாதாரணக் கிருமி, போனாப் போதும். இது தாங்காது."

இயக்குநர் தாணுலிங்கத்துக்குச் சொல்லாமல் இருக்க முடியாது. சொன்னார்கள். அவர் நாற்காலியிலிருந்து எழுந்து, சாமி படத்தைப் பார்த்துக் கும்பிட்டு, உலகம்மாளைப் பார்த்துக் கும்பிட்டு, உடனே டில்லிக்குப் போன் போட்டார். அடுத்த மாதம் ஓய்வுபெற இருந்தவர். அறிவியலுக்கு அவர் செய்த பெரிய தொண்டு, நிலைய வாசலில் வளைவு கட்டியது. அந்த மனக்குறை அவருக்கும் இருந்தது.

"துறைச் செயலாளரே வாராரு, கேட்டியா! டி.வி.க்காரன் எல்லாம் வாரான். சும்மா வந்து பாத்துட்டுப் போறதுக்கா? பிறந்த பிள்ளை. சேனை வைக்கணும்லா?"

உலகம்மாளுக்கு முதலில் புரியவில்லை. பிறந்த குழந்தையின் நாக்கில் பெரியவர் ஒருவர் சர்க்கரைத் தண்ணீர் தொட்டு வைப்பதுதான் சேனை. வைத்தவர் குணம் பிள்ளைக்கு வரும் என்பார்கள். அவளுக்கே அவள் அத்தை வைத்தது. பிடிவாதம் அங்கிருந்து வந்ததாக வீட்டில் பேச்சு.

"சார், அதுக்கு நாக்கே கிடையாது."

"நாக்கு இல்லாட்டா என்னம்மா? முறைன்னு ஒண்ணு உண்டும்லா? அறிவியல் வேற, முறை வேற."

நிலையம் முழுக்க அந்த வாரம் ஒரே பேச்சுதான். நாலாயிரம் ஆய்வுக் கட்டுரைகள் இருக்கிற நூலகத்தில் அமர்ந்து, சேனையை யார் வைப்பது என்று முனைவர்கள் மோதிக்கொண்டார்கள். பெற்றது நாங்கள், எனவே எங்கள் துறை மூத்தவர்தான் வைக்க வேண்டும் என்றது வேதியியல். பெற்றதோடு உங்கள் சோலி முடிந்தது, இனி வளர்ப்பது எங்கள் பொறுப்பு என்றது உயிரியல். இயற்பியல்காரர்களுக்கு இதில் எந்தச் சம்பந்தமும் இல்லை, ஆனாலும் தங்களைக் கலந்துகொள்ளாதது பற்றி வருத்தம் தெரிவித்தார்கள். கடைசியில் எல்லாரையும் விடப் பணியில் மூத்தவர் என்ற முறையில் தாணுலிங்கமே வைப்பதென்று முடிவாயிற்று. அவருடைய குணம் ஓர் உயிருக்கு வர வேண்டுமா என்று யாரும் கேட்கவில்லை.

உலகம்மாள் முடியாது என்றாள். முடியாது என்றால் கலத்தை அப்படியே டில்லிக்கு அனுப்பிவிடச் செயலாளர் தயாராக இருக்கிறார் என்றார் தாணுலிங்கம். விமானத்தில் எவன் மடியிலோ வைத்துக்கொண்டு போகிற காட்சி அவள் கண்ணுக்குத் தெரிந்தது. அதற்கு இது பரவாயில்லை என்று தோன்றியது. சர்க்கரைக் கரைசலைத் தானே காய்ச்சிக் கிருமி நீக்கினாள். கிருமி நீக்கிய சொட்டுக்குழாய், கிருமி நீக்கிய கையுறை எல்லாம் தயார் செய்தாள். எப்படி நிற்பது, எப்படிப் பிடிப்பது, எப்படி ஒரு சொட்டு விடுவது என்று தாணுலிங்கத்துக்குத் தண்ணீரை வைத்துப் பழக்கியும் கொடுத்தாள். அவர் நல்ல மாணவராகத் தலையாட்டினார்.

விழாவுக்கு முன்னால் இன்னொரு கூத்து. குளிர்பெட்டியில் அவள் தனியாக எடுத்து வைத்திருந்த சின்னக் குப்பிகளையும் பெரிய கலத்தில் கொட்டச் சொன்னார் இயக்குநர்.

"கலம் பாதிதான் இருக்கு. போட்டோவுல பாத்தா என்னமோ மிச்சம் மீதி மாதிரி இருக்கும். நிறைஞ்சு இருக்கணும், அதுதான் லட்சணம்."

"சார், ஒண்ணு போனா ஒண்ணு இருக்கணும்னுதான் தனியா வச்சிருக்கேன்."

"நல்ல காரியம் நடக்கப்போகுது. வாய வச்சுக்கிட்டு சும்மா இரும்மா. போறது, வாறதுன்னுட்டு!"

அவள் எல்லாவற்றையும் கொட்டினாள். ஒரு குப்பியையாவது ஒளித்து வைத்திருக்கலாம். அது அவளுக்குத் தோன்றியது, மறுநாள்தான் தோன்றியது. அத்தையின் பிடிவாதம் சரியான நேரத்தில் கைகொடுக்கவில்லை.

செயலாளர் வந்தார். பொன்னாடை, பூங்கொத்து, குத்துவிளக்கு எல்லாம் சுத்த அறைக்கு வெளியே முடிந்தன. அந்த மட்டுக்கும் நல்லது. உள்ளே தாணுலிங்கம், செயலாளர், உலகம்மாள், எபனேசர், ஒரு கேமராக்காரர். எல்லாரும் வெள்ளை உடைக்குள் முகம் தெரியாமல் நின்றார்கள். அங்கேதான் சிக்கல். கேமராவில் தன் முகம் வரவில்லை என்று தாணுலிங்கம் முகமூடியை இறக்கினார். உலகம்மாள் கலத்தின் மூடியைத் திறந்து சொட்டுக்குழாயை நீட்டினாள். அவர் அதை வாங்கினார், பார்த்தார், தட்டில் வைத்தார்.

"ஏம்மா, ரப்பர் உறை போட்டுக்கிட்டு குழாய் வழியா எவனாவது சேனை வைப்பானா? இது என்ன, பேனாவுக்கு மை ஊத்துததா?"

சொல்லிக்கொண்டே கையுறையை உருவினார். ஆள்காட்டி விரலைச் சர்க்கரைக் கரைசலில் முக்கினார். காலையில் திருநீறு எடுத்த விரல், அதற்குப் பிறகு செயலாளரோடு மெதுவடை பிய்த்த விரல். "சார்!" என்று உலகம்மாள் கத்தினாள். எபனேசர் குறுக்கே கையை நீட்டினார். அதற்குள் விரல் கலத்துக்குள் போய் வந்துவிட்டது. கேமரா அந்தக் கணத்தைத்தான் பிடித்தது. மறுநாள் எல்லாப் பத்திரிகைகளிலும் உலகம்மாள் வாயைப் பிளந்துகொண்டு நின்றாள். 'ஆனந்தப் பரவசத்தில் விஞ்ஞானி' என்று கீழே போட்டிருந்தார்கள்.

இரண்டு நாளில் கலம் கலங்கிப் பால் மாதிரி ஆனது. நுண்ணோக்கியில் குமிழிகளைத் தேடினாள். உடைந்த தோல்கள் மிதந்தன. அவற்றை மொய்த்துக்கொண்டு கொத்துக் கொத்தாக உருண்டைகள். எந்த மனிதன் தோலைச் சுரண்டிப் பார்த்தாலும் கிடைக்கிற, பள்ளிக்கூடப் புத்தகத்தில் படம் போட்டிருக்கிற, அன்றாடக் கிருமிகள். கோணல் குமிழி ஒன்று மூலையில் இன்னும் முழுசாக இருந்தது. அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அதுவும் போனது.

தாணுலிங்கம் கலத்தைப் பார்த்து ஆடிப்போய்விட்டார், ஆனால் மகிழ்ச்சியில். "வளந்துட்டுதே! எம்புட்டு ஆயிட்டுது பாத்தியளா!"

"சார், அது வளரல. செத்துப்போச்சு. இது உங்க விரல்லேர்ந்து போன கிருமி. நீங்க கையத் தாங்க, உங்க விரல்ல எடுத்து ஒப்பிட்டே காட்டுதேன்" என்றார் எபனேசர். ஒப்பிட்டும் காட்டினார். இரண்டும் ஒன்றாகவே இருந்தன.

"அப்ப என் சாயல் வந்துட்டுதுன்னு சொல்லும்" என்றார் தாணுலிங்கம். தன் விரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "நான் இந்தச் சேனை விஷயத்தை முழுசா நம்பினவன் இல்ல, பாத்துக்கிடும். இப்பத்தான் நம்புதேன்."

அன்று சாயங்காலம் அறிக்கை வெளியானது. இயற்கைக்குப் பல கோடி வருடம் பிடித்த பரிணாமம் தாணுலிங்கத்தின் மேற்பார்வையில் இரண்டே நாளில் நடந்துவிட்டது, எளிய குமிழி முழுமையான நுண்ணுயிராக முன்னேறிவிட்டது என்று நாடு அறிந்தது. பள்ளிகளில் இனிப்பு கொடுத்தார்கள்.

உலகம்மாள் எபனேசரின் அறைக்குப் போய்க் கதவைச் சாத்தினாள். "இது பரிணாமமே இல்லன்னு நீங்க ஒரு வார்த்தை சொன்னாப் போதும், சார்."

எபனேசர் அவளுக்கு ஒரு நாற்காலியை நகர்த்திப் போட்டார். "இதுவும் பரிணாமம்தான், மேடம். அவரு சொல்லுத மாதிரி இல்ல. ஆனா வலுத்தது தின்னுச்சு, இளைச்சது போச்சு. என் பாடத்துல செத்தவன் யாருன்னு கேள்வியே கிடையாது. மிஞ்சினவன் யாருன்னுதான் கேள்வி. நானூறு கோடி வருஷம் முந்தியும் இப்பிடித்தான் நடந்திருக்கும்னு தோணுது. நம்ம பாட்டன்தான் முதல்ல பொறந்தவன்னு யாரு கண்டா? முதல்ல பொறந்தவனத் தின்னவனா இருப்பான். நாம அந்த வம்சம்."

"வம்சத்தப் பத்தி அப்புறம் பேசலாம். அது இருந்துச்சுன்னு நீங்க சொல்லணும்."

"சொல்லுதேன், மேடம்" என்றார் எபனேசர். அப்போது அவர் உண்மையாகத்தான் சொன்னார்.

வெளிநாட்டு ஆய்வகங்கள் கலத்திலிருந்து ஒரு சொட்டு கேட்டு வாங்கிப் பார்த்துவிட்டு மரியாதையாக ஒரு வரி அனுப்பின: இது மனிதத் தோலில் இருக்கும் சாதாரணக் கிருமி, வேறு ஏதாவது இருந்தால் அனுப்பவும். நாடு சிரித்தது. இனிப்பு சாப்பிட்ட பள்ளிகளுக்கு அதைத் திருப்பிக் கொடுக்க வழியில்லை. மானம் போனால் யாராவது பொறுப்பேற்க வேண்டும். விசாரணைக் குழு வந்தது.

தாணுலிங்கம் அடுக்கடுக்காகப் பேசினார். தான் வெறும் நிர்வாகி, கலத்துக்குப் பொறுப்பு வேதியியல் துறை, சுத்தத்துக்குப் பொறுப்பு வேதியியல் துறை, விரலை விடலாமா கூடாதா என்று எச்சரிக்க வேண்டியதும் வேதியியல் துறைதான். போட்டோவில் அந்த அம்மா எவ்வளவு சந்தோஷமாக இருக்கிறார் என்று குழுவே பார்த்துக்கொள்ளலாம்.

குமிழிகளின் படத்தை உலகம்மாள் போட்டுக் காட்டினாள். "சோப்பு நுரையும் இப்படித்தான் பிரியும், அம்மா" என்றார் குழுத் தலைவர். அவர் ஓய்வுபெற்ற வேதியியல் பேராசிரியர். கெட்டவர் இல்லை. "கலத்தில் இப்போது இருப்பது பழைய கிருமி மட்டும்தான். புதிய உயிர் ஒன்று இருந்தது என்பதற்கு வேறு சாட்சி உண்டா?"

எல்லாரும் எபனேசரைப் பார்த்தார்கள். ஒரு வாரம் நுண்ணோக்கியை விட்டு எழுந்திருக்காதவர். ஆனால் தாணுலிங்கம் ஓய்வுபெற்றதும் அந்த இயக்குநர் நாற்காலிக்கு எபனேசர் பெயர்தான் டில்லிக்குப் போயிருந்தது. அவர் மனைவி டயாலிசிஸில் இருந்தாள். இயக்குநர் பங்களா நகரத்தில், மருத்துவமனைக்குப் பக்கத்தில் இருந்தது. இதெல்லாம் உலகம்மாளுக்கும் தெரியும்.

"டாக்டர் எபனேசர், அந்த விரல் படுவதற்கு முன் கலத்தில் உயிர் இருந்ததா?"

அவர் எழுந்தார். "ஐயா, என் துறை பரிணாமம். உயிர் வந்த பிறகு அது எப்படி மாறுகிறது என்பதுதான் எங்கள் ஆய்வு. உயிர் எப்படித் தோன்றியது, தோன்றியதா இல்லையா என்பதெல்லாம் எங்கள் கோட்பாட்டின் எல்லைக்குள் வராது. அதைப் பற்றிக் கருத்துச் சொல்ல எனக்குத் தகுதி இல்லை."

ஒரு வார்த்தை பொய் இல்லை. எந்தப் புத்தகத்தை எடுத்துப் பார்த்தாலும் அப்படியே எழுதியிருக்கும். இவ்வளவு சுத்தமான உண்மையை வைத்து ஒரு கழுத்தை அறுக்க முடியும் என்று உலகம்மாள் அன்றுதான் கண்டாள். எழுந்து போய்க் குமிழிகளின் படத்தை அணைத்தாள்.

கலத்தில் எந்தக் காலத்திலும் எதுவும் பிறக்கவில்லை என்று தீர்ப்பானது. தாணுலிங்கம் டில்லியில் ஆலோசகர் ஆனார். எபனேசர் இயக்குநர் ஆனார். உலகம்மாளை நிலையத்தின் பின்கோடியில் இருந்த தண்ணீர்ப் பிரிவுக்கு மாற்றினார்கள். ஆய்வகங்களுக்கு வேண்டிய கிருமியில்லாத தண்ணீரைக் காய்ச்சி வடித்துத் தருவதுதான் அங்கே வேலை. தண்டனை என்பது எல்லாருக்கும் தெரிய வேண்டும் என்பதற்காக அறைக்குப் பெயர்ப்பலகை கூட வைக்கவில்லை.

போன பிறகுதான் அந்த இடத்தின் அருமை அவளுக்குத் தெரிந்தது. எவர்சில்வர் தொட்டிகள், மூடிய குழாய்கள், கொதிநீர், வடிகட்டிய காற்று. எல்லாவற்றுக்கும் மேலாக, அந்தப் பக்கம் ஒரு மனிதன் வருவதில்லை. செயலாளர் வருவதில்லை, பொன்னாடை வருவதில்லை. நிலையம் கட்டியதிலிருந்து அவ்வளவு சுத்தமான அறையை யாரும் அவளுக்குக் கொடுத்ததில்லை. உப்பும் களிமண்ணும் அந்த ஊரில் எங்கே குனிந்தாலும் கிடைக்கும். மீதிக்கு அவளுக்கு வழி தெரியும்.

மழைக்காலம் முடிந்த ஒரு பிற்பகலில் எபனேசர் அங்கே வந்தார். தனியாக வந்தார். வாசலிலேயே நின்றுகொண்டார். கோடைக்கு முன்னால் அவர் மனைவி இறந்திருந்தாள். ஆள் பாதியாக இளைத்திருந்தார். உலகம்மாள் கதவை ஒருக்களித்து வைத்துக்கொண்டு நின்றாள், உள்ளே வாருங்கள் என்று சொல்லவில்லை.

"நல்லா இருக்கீங்களா, மேடம்?"

"இருக்கேன், சார். தண்ணி ஏதும் வேணுமா?"

"இல்ல." அவர் அவள் தோளுக்கு மேலாக உள்ளே பார்த்தார், உடனே பார்வையைத் தாழ்த்திக்கொண்டார். "ராத்திரி படுத்தா அந்தக் கோணல் குமிழிதான் வருது. பிள்ளைக்கும் அதே கோணல் வந்துச்சுல்லா. அத இன்னொரு தடவ பாத்தாப் போதும்னு இருக்கு." வந்த வழியைத் திரும்பிப் பார்த்துக்கொண்டார். "இங்க ஏதாவது வந்துதா, மேடம்?"

அவளுக்குப் பின்னால் மூன்றாவது தொட்டியில் ஒன்பது நாட்களாக அவை பிறந்துகொண்டிருந்தன. இந்த முறை நீளவாக்கில் இருந்தன. சிலது ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு வரிசையாக நின்றன. அதைப் பார்த்தால் இந்த மனிதர் குழந்தை மாதிரி அழுவார் என்று அவளுக்குத் தெரியும். உலகத்தில் அதைப் புரிந்துகொள்ளக்கூடிய இன்னொரு ஆளும் அவர்தான்.

"தண்ணி மட்டும்தான், சார். ஒண்ணும் வரல."

அவர் அவள் முகத்தைப் பார்த்தார். கதவைப் பிடித்திருந்த கையைப் பார்த்தார், தோள் வரை ஏறியிருந்த கையுறையைப் பார்த்தார். தண்ணீர் காய்ச்சுகிறவர்கள் அவ்வளவு நீளத்துக்குக் கையுறை போடுவதில்லை. அவர் கண் கலங்கிவிட்டது.

"நல்லது, மேடம்" என்றார். இரண்டு அடி பின்னால் நகர்ந்தார், வாசலிலிருந்து தன் மூச்சுக்காற்றுகூட உள்ளே போய்விடக் கூடாது என்பது போல. "எப்பவாவது வந்தாலும் என்கிட்டச் சொல்லாதீங்க."

உலகம்மாள் கதவைச் சாத்தித் தாழ் போட்டாள். அவர் வெளியே இன்னும் நின்றுகொண்டிருந்தது கதவின் அடியில் நிழலாகத் தெரிந்தது. அது நகர்கிறவரைக்கும் அவள் தொட்டியின் பக்கம் போகவில்லை.